ஒரு வாயில், பல அலுவல்கள்



2017 நவம்பர் 23ஆம் நாள் இந்திய அரசு ‘உமங்’ என்னும் கைப்பேசிச் செயலியைத் தொடங்கிற்று. வருங்கால வைப்புநிதியும் சமையல் எரிவாயுப் பதிவும் வெவ்வேறு நிறுவனங்களின் அலுவல்கள். அவற்றின் கணினிகளும் வேறு. ஆயினும் முசிறியிலிருக்கும் ஒருவர் இரண்டையும் ஒரே செயலியில் கேட்கிறார். இஃது எங்ஙனம் இயல்கிறது?

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், மாற்றுச் சான்றிதழ் வேண்டிய பெற்றோர் வகுப்புதோறும் அலைந்ததில்லை. அலுவலகச் சாளரத்தில் மனுக் கொடுப்பர். எழுத்தர் அதனை உரியவரிடம் சேர்ப்பித்து, விடையையும் அங்கேயே தருவார். கணினி உலகில் அந்தச் சாளரத்திற்கு ‘ஏ.பி.ஐ. கேட்வே’ என்று பெயர். உள்ளே பிரிந்து நின்று பணிபுரியும் சிறு நிரல்கள் ‘மைக்ரோசர்வீஸ்’ எனப்படும். கேட்பவர் சார்பில் வெளியே செல்லும் பதிலாள் ‘பிராக்சி’; விடை தருவோர் சார்பில் வாயிலில் நிற்பவர் ‘ரிவர்ஸ் பிராக்சி’. நம் எழுத்தர் இரண்டாம் வகையினர்.

இதனை அமைக்க, இகோர் சிசோயெவ் என்னும் ருஷ்யர் 2004இல் வெளியிட்ட ‘என்ஜின்எக்ஸ்’ பெரிதும் பயன்படுகிறது. முதலில், ‘அப்ஸ்ட்ரீம்’ என்னும் தலைப்பின்கீழ் உள்ளிருக்கும் சர்வர்களைப் பட்டியலிட வேண்டும். ஒன்று பழுதுற்றால் வேண்டுகோள் அடுத்ததற்குச் செல்லும். இரண்டாவதாக, இன்ன தொடக்கமுடைய முகவரி இன்ன சேவைக்கு என்று ‘லொகேஷன்’ விதியால் வகுத்து, ‘பிராக்சி பாஸ்’ என்னும் கட்டளையால் அனுப்ப வேண்டும். மூன்றாவதாக, கேட்பவர் யாரென்பதை வாயிலிலேயே சோதித்து, ஒருவரே அளவுமீறிக் கேட்டால் தடுக்க வேண்டும். உள்ளே ஒரு சேவை இடம் மாறினாலும் வாயிலின் விதியைத் திருத்தினால் போதும்; மக்கள் கையிலுள்ள செயலியைத் தொட வேண்டுவதில்லை.

இவ்வளவு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. முசிறியைக் கடந்து வரும் காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. அங்கே ஆர்தர் காட்டன் 1836இல் அமைத்த மேலணை, பாசன நீரைக் காவிரியிலும் மிகுவெள்ளத்தைக் கொள்ளிடத்திலும் செலுத்தப் பயன்பட்டது. 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, கொள்ளிடப் பகுதியின் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. நீரை ஆளும் இடமே உடைந்தமையால் அதனைத் தடுத்து நிறுத்த வகையின்றிப் போயிற்று.

கேட்வேயின் நிலையும் அதுவே. உள்ளே ஒரு சேவை நின்றால் அந்த அலுவல் மட்டும் நிற்கும்; வாயில் நின்றால் யாவும் நிற்கும். எரிவாயு கேட்கும் மூதாட்டிக்கு உள்ளே எத்தனை சர்வர்கள் நலமாய் இருக்கின்றன என்பது தெரியாது; கதவு திறக்கவில்லை என்பது ஒன்றே தெரியும். ஆதலின் வாயிலைத் தனித்தனிக் கணினிகளில் இரண்டாக அமைத்து, ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தி மற்றொன்று பணியை ஏற்கிறதா என்று அமைதியான நாளிலேயே சோதித்துவிட வேண்டும். வெள்ளம் வந்தபின் அதற்கு நேரமிராது.