தேயிலைச் சத்தும் மறதி நோயும்

கேரளத்தின் மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் கொழுந்து கிள்ளும் கைவாகை மறக்கமாட்டார். காலையில் மாத்திரை போட்டதை மறந்துவிடுவார், சாப்பிட்ட கையோடு “எனக்கு இன்னும் சோறு போடல” என்பார். “வயசாச்சு, அப்படித்தான்” என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமும் இதே பேச்சுதான். கைப்பழக்கம் நிலைத்து, புதிய நினைவு மட்டும் நழுவுவது அல்சைமர் நோயின் தொடக்க அடையாளங்களில் ஒன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, அல்சைமர் உட்பட ஏதேனும் ஒரு வகை மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

மருந்து ஏன் மூளைக்குள் போவதில்லை?

அல்சைமர் நோயில் அமிலாய்டு என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு இடையே திட்டுத்திட்டாகப் படிகிறது. அதைக் கரைக்கலாம் என்றால், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடுவதில்லை. நானோ துகள்கள்மீது நம்பிக்கை பிறந்தது இங்கேதான். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அந்த அளவில் செய்த துகளின் மேற்பரப்பை மாற்றியமைத்து, மருந்தை அந்தச் சுவரைக் கடக்க வைக்க முயல்கிறார்கள்.

மொகாலியில் ஒரு முயற்சி

மொகாலியின் நானோ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜிபன் ஜோதி பாண்டா குழுவினர் உருவாக்கிய துகளில் பச்சைத் தேயிலையில் உள்ள ஈஜிசிஜி என்னும் சத்து, நரம்புச் செய்தி கடத்தும் டோபமைன், டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. நரம்பணுக்களைக் காக்கும் பிடிஎன்எஃப் புரதத்தையும் அதில் ஏற்றினார்கள். எலிகளில் அமிலாய்டு திட்டுகள் சிதைந்தன, அழற்சி தணிந்தது, நினைவுத்திறன் மேம்பட்டது. ஆனால் எலியில் பலித்த எத்தனையோ அல்சைமர் மருந்துகள் மனிதரிடம் தோற்றிருக்கின்றன. மூணாறுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தேநீரைக் கூட்டிக் குடிக்க வேண்டாம். கறுப்புத் தேயிலையாகப் பதப்படுத்தும்போது ஈஜிசிஜியில் பெரும்பங்கு வேறு பொருளாக மாறிவிடுகிறது. குடிக்கிற தேநீர் வேறு, ஆய்வகத் துகள் வேறு.

கண்டுபிடிக்கும் தங்கம்

நானோ துகள் நோயைக் கண்டறியவும் உதவக்கூடும். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகளின் நிறம். அதே தங்கத் துகளைக் கொண்டு, தண்டுவட நீரில் மிகச் சொற்பமாக இருக்கும் அல்சைமர் சார்ந்த புரதத்தை 2005இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்து காட்டினார்கள். இந்த முறை இன்னும் ஊர் ஆய்வகத்துக்கு வரவில்லை.

இன்றைக்கு என்ன செய்யலாம்?

பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் முதலில் இவற்றைப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். நினைவுப் பரிசோதனையைத் தமிழில் நடத்தும்படி கேளுங்கள். மலையாளத்தில் கேட்ட கேள்விக்குத் தமிழ்ப் பாட்டி தடுமாறினால் அது மறதிக் கணக்கில் சேர்ந்துவிடும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதும் பள்ளி வாசலை மிதிக்காதவருக்கு நியாயமான கேள்வியல்ல. அதற்குப் பதிலாக, எப்போதிருந்து எதை மறக்கிறார், வழி தவறினாரா, பணக்கணக்கில் குழம்புகிறாரா என்று வீட்டார் ஒரு தாளில் தேதியோடு எழுதிக்கொண்டுபோனால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். முதியோருக்கான தேசிய இலவச உதவி எண்: 14567.