கழுத்து முறிந்த அடுத்த காட்சி

சாகச நாயகர்கள்: தாளிலிருந்து திரைக்கு – 11

காமிக்ஸில் வரும் வுல்வரின் ஐந்தடி மூன்று அங்குலம்தான். திரையில் அவனாக வந்த ஹ்யூ ஜாக்மேன் ஆறடியைத் தாண்டியவர். 2000-இல் முதல் 'எக்ஸ்-மென்' வந்தபோது இதைச் சொல்லி முணுமுணுத்தவர்கள், 2017-இல் 'லோகன்' பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது உயரத்தை மறந்தே போயிருந்தார்கள். சென்ற வாரம் அதைத்தான் பேசினோம். உருவம் மாறினால் ரசிகன் கொஞ்ச நாள் கோபப்படுவான், பிறகு பழகிக்கொள்வான். ஆனால் ஒரு வழக்கு மட்டும் பத்து வருடம் தாண்டியும் தீர்ந்தபாடில்லை. சூப்பர்மேன் ஒருவனைக் கொல்லலாமா என்ற வழக்கு.

ஸாக் ஸ்னைடர் இயக்கி 2013-இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின் உச்சக்காட்சி. மெட்ரோபோலிஸ் நகரம் இடிந்து கிடக்கிறது. ரயில் நிலையத்தின் ஒரு மூலையில் தப்பிக்க வழியில்லாமல் ஒரு குடும்பம் ஒடுங்கி நிற்கிறது. சூப்பர்மேனைப் போலவே கிரிப்டான் கிரகத்திலிருந்து வந்த ஜெனரல் ஸாடின் கண்களிலிருந்து பாயும் நெருப்புக்கதிர் சுவரை அறுத்துக்கொண்டே அவர்களை நெருங்குகிறது. பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்துப் பிடித்திருக்கும் சூப்பர்மேன் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறான். ஸாட் நிறுத்துவதாக இல்லை. ஒரே திருகு. எலும்பு முறிகிற சத்தம். சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் மண்டியிட்டு அலறுகிறார். காதலி லோயிஸ் லேன் ஓடிவந்து அவனை அணைத்துக்கொள்கிறாள்.

இந்தக் காட்சி எழுப்பிய கொதிப்பு சாதாரணமானதல்ல. சூப்பர்மேன் கதைகளை எழுதிப் பெயர் வாங்கிய மார்க் வெய்ட், தன் மன வேதனையை வெளிப்படையாகவே எழுதினார். ஸ்னைடர் தரப்பிலும் ஒரு நியாயம் சொன்னார்கள்: கொல்லவே கூடாது என்ற உறுதி இவனுக்குள் எப்படி வந்தது? ஒருமுறை கொன்று பார்த்ததால் வந்தது. அந்த வேரைக் காட்டத்தான் இப்படி வைத்தோம் என்றார்கள். கேட்கும்போது சரியாகத்தான் படுகிறது. ஆனால் இரண்டு பக்கமும் கழுத்து முறிந்த அந்த நொடியிலேயே நின்றுகொண்டு சண்டை போடுகிறார்கள். அடுத்த காட்சிக்கு யாரும் வருவதில்லை. அதற்கு நாம் வருவோம். அதற்கு முன், மூலம் மூலம் என்கிறோமே, அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் பிறந்தான். எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். இருவரும் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாண்ட் நகரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுடைய சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. எட்டில் ஒரு பங்கு மைல் தூரத்தைத் தாண்டுவான், அவ்வளவுதான். ஆனால் என்ன கோபம் அவனுக்கு! குற்றமற்ற ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை நிறுத்த, நடுராத்திரியில் ஆளுநர் வீட்டுக் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போகிறான். மனைவியை அடிப்பவனைத் தூக்கிச் சுவரில் மோதுகிறான். அடுத்தடுத்த மாதங்களில், பாதுகாப்புக்குச் செலவு செய்யாத சுரங்க முதலாளியை அவனுடைய சுரங்கத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ள வைக்கிறான். அரசாங்கம் புது வீடு கட்டித் தரட்டும் என்று ஒரு சேரிப் பகுதியையே இடித்துத் தள்ளுகிறான். பொருளாதார மந்தத்தில் நொந்துபோன ஏழை வீட்டுப் பையன்கள் கண்ட கனவு அது. சட்டம், காவல்துறை என்றெல்லாம் அவன் தயங்கி நின்றதில்லை.

பிறகு வந்து ஒட்டிக்கொண்டவைதான் எத்தனை! அவனைப் பறக்க வைத்தது 1941-இல் தொடங்கிய ஃபிளைஷர் கார்ட்டூன் படங்கள். தாவித் தாவிப் போவது அசையும் படத்தில் அழகாக இல்லை என்று பறக்க விட்டார்கள். அவனை வீழ்த்தும் கிரிப்டோனைட் கல் 1943-இல் வானொலி நாடகத்தில் வந்தது. பத்திரிகை ஆசிரியர் பெரி வைட்டும் இளம் ஜிம்மி ஓல்சனும் அதே வானொலி வழியாக வந்தவர்கள். வழுக்கைத் தலை வில்லன் லெக்ஸ் லூதர் 1940-இல் முதலில் தலைகாட்டியபோது சிவப்புத் தலைமுடியோடுதான் இருந்தான். மார்பில் இருக்கும் எழுத்து கிரிப்டான் கிரகத்தில் அவன் குலத்தின் சின்னம் என்று நிலைநிறுத்தியது 1978-இல் ரிச்சர்ட் டோனர் எடுத்த படம். எந்த உயிரையும் எடுக்கக் கூடாது என்ற விதிகூட, 1940 வாக்கில் பதிப்பகத்தின் ஆசிரியர் குழு போட்ட கட்டளை. இன்று வேதம்போல் நாம் காப்பாற்றத் துடிக்கும் விவரங்களில் பாதி, வேறு ஊடகக்காரர்கள் தங்கள் வசதிக்குச் செய்த மாற்றங்கள்.

மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லும் நிறுவனங்கள், அந்த மூலத்தைப் படைத்தவர்களிடம் எப்படி நடந்துகொண்டன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சீகலும் ஷுஸ்டரும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். உரிமை கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஒரு கட்டத்தில் அவர்கள் பெயரே கதைகளிலிருந்து மறைந்தது. பெரும் செலவில் சூப்பர்மேன் படம் தயாராகிறது என்ற செய்தி வந்தபோது ஷுஸ்டருக்குப் பார்வை மங்கிவிட்டிருந்தது, இருவருக்கும் வறுமை. சீகல் கொதித்தெழுந்து ஊரறியச் சொன்னார். மற்ற ஓவியர்கள் துணைக்கு வந்தார்கள். பத்திரிகைகளில் செய்தி வெளிவந்த பிறகே, 1975 டிசம்பரில், ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், படைத்தவர்கள் என்று பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. 1978 படத்தின் தொடக்கத்தில் அந்த இரண்டு பெயர்களும் வருகின்றன. உடை எத்தனை நீலம், கால்சட்டை வெளியே தெரிய வேண்டுமா என்பதையெல்லாம்விட முதன்மையான நேர்மை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, எல்லாமே மாறியிருக்கிறது என்றால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எடுத்துவிட்டுப் போகலாமா? அதை நான் ஒப்பமாட்டேன். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ கைகள் எழுதி எழுதி, இந்தப் பாத்திரத்துக்குள் ஒன்று கெட்டிப்பட்டிருக்கிறது. இவனைத் தட்டிக்கேட்க யாராலும் முடியாது. ராணுவத்தால் முடியாது, நீதிமன்றத்தால் முடியாது. ஆகவே தன்னைத் தானே தட்டிக்கேட்கும் பொறுப்பு இவன் தலையில் விழுகிறது. நல்ல சூப்பர்மேன் கதைகளை எடுத்துப் பாருங்கள், அத்தனையும் இந்த இடத்தில்தான் நிற்கும்.

1986-இல் ஆலன் மூர் எழுதி, பல ஆண்டுகள் சூப்பர்மேனை வரைந்த கர்ட் ஸ்வான் வரைந்த ஒரு கதை இருக்கிறது. பழைய சூப்பர்மேனுக்கு விடைகொடுக்க எழுதப்பட்ட கதை. அதுவரை குறும்புக்காரனாக வந்துபோன மிக்ஸியஸ்பிட்லிக், அதில் கொடூர உருவம் எடுக்கிறான். அவன் சூழ்ச்சியில் நண்பர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் சூப்பர்மேன் அவனைக் கொன்றுவிடுகிறான். உனக்கு வேறு வழியில்லையே என்கிறாள் லோயிஸ். அவன் கேட்கவில்லை. கொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது, எனக்கு அறவே கிடையாது என்கிறான். தன் சக்தியை நிரந்தரமாகப் பறிக்கும் தங்கநிறக் கிரிப்டோனைட் இருக்கும் அறைக்குள் தானாகவே நடந்து போகிறான். சக்தியெல்லாம் போன வெறும் மனிதனாக ஆர்க்டிக் பனிக்குள் இறங்கிப் போய்விடுகிறான்.

இரண்டு ஆண்டு கழித்து, 1988-இல், ஜான் பர்ன் எழுதிய சூப்பர்மேன் கதையும் அவனைக் கொலைகாரனாக்கியது. வேறொரு பூமியின் மக்கள் அத்தனை பேரையும் அழித்துவிட்ட மூன்று கிரிப்டான் குற்றவாளிகள். அவர்களுக்குத் தானே நீதிபதியாக நின்று, பச்சைக் கிரிப்டோனைட்டால் மரண தண்டனை கொடுக்கிறான். மூவரில் ஒருவன் ஸாட். பர்ன் அத்துடன் விலகிவிட்டார். பின்னால் வந்த எழுத்தாளர்கள் நினைத்திருந்தால் எதுவும் நடக்காதது மாதிரி அடுத்த வில்லனைக் கொண்டுவந்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மாதக்கணக்கில் அந்தக் குற்றம் அவனை அரித்தது. தன்னை அறியாமலே வேறொரு வேடம் போட்டுக்கொண்டு இரவில் சுற்றும் அளவுக்கு மனம் கலங்கினான். தன்னால் மக்களுக்கு ஆபத்து என்று புரிந்ததும் பூமியை விட்டே வெளியேறி விண்வெளியில் அலைந்தான்.

ஆகவே சூப்பர்மேன் கொன்றான் என்பது மட்டுமே துரோகம் ஆகிவிடாது. மூலத்திலேயே கொன்றிருக்கிறான். இப்போது 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின் அடுத்த காட்சிக்கு வருவோம். அலறல் அடங்குகிறது. வெட்டு. பட்டப்பகல். திறந்தவெளிச் சாலையில் போய்க்கொண்டிருக்கும் ராணுவ அதிகாரியின் காருக்கு முன்னால், வேவு பார்க்கும் ஆளில்லா விமானம் ஒன்று நொறுங்கி விழுகிறது. அருகில் சூப்பர்மேன் நிற்கிறான். என்னைப் பின்தொடராதீர்கள் என்று மிடுக்காகச் சொல்லிவிட்டுப் பறந்துபோகிறான். அவன் அழகாக இருக்கிறான் என்று பெண் அதிகாரி அசடு வழிகிறாள். அரங்கில் சிரிப்பு. அதற்குப் பிறகு கண்ணாடி மாட்டிக்கொண்டு பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறான். படம் முடிந்தது.

தன் இனத்தின் கடைசி மனிதனைத் தன் கையாலேயே கொன்றவன் அவன். அந்தக் கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டாமா? வளர்ப்புத் தாயிடமாவது? உறுதியின் வேரைக் காட்டுகிறோம் என்றவர்கள், வேரை நட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் நகர்ந்துவிட்டார்கள். அடுத்து வந்த 2016 படம், இடிந்த நகரத்தின் வலியைப் பேட்மேனான புரூஸ் வெய்னின் கண்வழியாகக் காட்டியது. அது நியாயமான முயற்சி. ஆனால் அது பேட்மேனின் கோபம். ஸாடைக் கொன்றவனின் உறுத்தல் அந்தப் படத்திலும் பேசப்படவில்லை.

இந்தப் பிசகு உச்சக்காட்சியில் தொடங்கியதல்ல. அப்பா இறந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. காமிக்ஸில் வளர்ப்புத் தந்தை ஜோனாதன் கென்ட் சில காலம் இறந்தவராக இருந்தார், 1986-க்குப் பிறகு பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அவர் சாவதும் பிழைப்பதும் கதாசிரியர் விருப்பம். அந்தச் சாவு பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1978 படத்தில் க்ளென் ஃபோர்டு நடித்த அப்பா, மகனோடு வீட்டை நோக்கி ஓடும்போது தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மாரடைப்பு. நீ இங்கே வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று சற்று முன்தான் மகனிடம் சொல்லியிருந்தார். இத்தனை சக்தி இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று கல்லறையில் நின்று மகன் தவிக்கிறான். படத்தின் முடிவில் லோயிஸ் இறந்து கிடக்கும்போது, மனிதர்களின் வரலாற்றில் தலையிடாதே என்ற பெற்ற தந்தையின் குரலும் கென்ட்டின் குரலும் அவன் காதில் மோதுகின்றன. வளர்த்தவரின் பேச்சைக் கேட்டு அவன் காலத்தையே திருப்பப் போகிறான். பூமியைச் சுற்றிப் பறந்து நேரத்தைப் பின்னோக்கித் திருப்புவது அறிவியலுக்கு ஒவ்வாதுதான். ஆனாலும் அந்தத் துயரம் பொய்யாகத் தோன்றவில்லை.

கெவின் காஸ்ட்னர் நடித்த 2013 அப்பா நேரெதிர். ஆற்றில் விழுந்த பள்ளிப் பேருந்தைத் தூக்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய சிறுவன், அவர்களைச் சாக விட்டிருக்க வேண்டுமா என்று கேட்கிறான். ஒருவேளை, என்கிறார் அப்பா. பிறகு சூறாவளி வருகிறது. ஓடிவரத் துடிக்கும் மகனைக் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு அவர் காற்றுக்குள் மறைகிறார். காஸ்ட்னரின் முகம் மனதைப் பிசைகிறது, மறுக்கவில்லை. ஆனால் மகனைக் காப்பாற்ற நினைக்கும் எந்த அப்பாவும் சொல்லக்கூடியதுதான் அது. கிளார்க் கென்ட்டின் அப்பா சொல்ல வேண்டியது அதுவல்ல. ஒளிந்துகொள் என்று வளர்க்கப்பட்டவன் ஏன் உலகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறான் என்பதற்கு அந்தப் படத்தில் கடைசிவரை சரியான விடை இல்லை.

ஜேம்ஸ் கன் இயக்கி 2025 ஜூலையில் வெளிவந்த 'சூப்பர்மேன்', கதையில் செய்த மாற்றம் ஸ்னைடர் செய்ததைவிடப் பெரியது. கிரிப்டானிலிருந்து பெற்றோர் மகனோடு அனுப்பிய செய்தியின் பாதி சிதைந்திருக்கிறது. அதை மீட்டுப் பார்த்தால், பூமியை ஆளச் சொல்லி மகனை அனுப்பியிருக்கிறார்கள்! தூய்மைவாதிகள் கொதித்தார்கள். எனக்கோ இந்த மாற்றம் பாத்திரத்துக்கு நெருக்கமாகப் பட்டது. இதுவரை பெற்றவர்களின் நல்லெண்ணத்தில் சாய்ந்துகொண்டிருந்தவன், இதில் அவனாக நடித்த டேவிட் கோரன்ஸ்வெட்டின் முகத்தில் முதல்முறையாகச் சொந்தக் காலில் நிற்கப் பழகுகிறான். நீ யார் என்பதை நீ எடுக்கும் முடிவுகள் சொல்லும் என்று கென்ட் அவனுக்கு எடுத்துச் சொல்கிறார். நகரத்தை ஒரு ராட்சத மிருகம் துவம்சம் செய்துகொண்டிருக்கும்போது, அதன் காலடியில் மாட்டவிருந்த அணிலை எடுத்துக்கொண்டு பறக்கிறான். சீகலின் சூப்பர்மேன் அணிலைத் தேடிப் போயிருப்பானா தெரியாது. ஆனால் ஆதரவில்லாதவர்களுக்கு நான் இருக்கிறேன் என்று 1938-இல் அவன் வந்து நின்றதன் தொடர்ச்சி இது.

அதற்காகக் கன்னின் படத்தை முழுதாக விட்டுவிடவும் முடியாது. போர்வெறி பிடித்த ஒரு நாட்டுத் தலைவனை இன்னொரு சாகச நாயகியான ஹாக்கேர்ள் உயரத்தில் தூக்கிப் பிடிக்கும்போது, நான் சூப்பர்மேன் அல்ல என்று சொல்லிவிட்டுக் கீழே போட்டுவிடுகிறாள். கோடு எங்கே இருக்கிறது என்று படத்துக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் சூப்பர்மேனின் செல்களிலிருந்து லூதர் உருவாக்கிய அல்ட்ராமேன் இருக்கிறானே, சூப்பர்மேனின் முகமே கொண்டவன், அவன் கருந்துளைக்குள் விழுந்துபோகிறான். படம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுயபுத்தி இல்லாத நகல்தானே என்று நினைத்திருக்கலாம். லூதரிடம், நானும் உங்களைப் போல மனிதன்தான் என்று அடுத்த சில நிமிடங்களில் நெஞ்சுருகப் பேசுபவன், தன் முகத்தோடு விழுந்த ஒருவனைப் பற்றி ஒரு கணம் நினைத்திருக்க வேண்டும். ஸ்னைடரிடம் கேட்டதைக் கன்னிடமும் கேட்கத்தான் வேண்டும். 'மேன் ஆஃப் டுமாரோ' என்ற அடுத்த படம் 2027-இல் வருமென்று அறிவித்திருக்கிறார்கள். அல்ட்ராமேனுக்கான பதில் அதில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

(தொடரும்)