வீட்டுக்கு மரத்தரை போடப் போறீங்களா? முதல்ல ஒரு பாலித்தீன் ஷீட் வாங்குங்க!

ரீல்ஸ்ல வர்ற மரத்தரை எல்லாமே அழகுதான். ஆனா அந்த வீடு பெங்களூருல பத்தாவது மாடியா, ஊத்துக்கோட்டையில தரைத்தளமானு ரீல்ஸ் சொல்லாது. பிச்சாட்டூர் அணையைத் திறந்தா ஆரணி ஆத்துல வெள்ளம் வர்ற ஊர் இது. பக்கத்துலயே கிருஷ்ணா கால்வாய், பூண்டி ஏரி. ஐப்பசி, கார்த்திகையில சுவர்ல ஓதம் ஏறுற வீடுகள் நிறைய. அதனால கலர் செலக்ட் பண்றதுக்கு முன்னாடி தரைக்கு அடியில இருக்கிற ஈரத்தைப் பாருங்க.

செலவே இல்லாத டெஸ்ட் ஒண்ணு இருக்கு. ரெண்டடிக்கு ரெண்டடி பாலித்தீன் ஷீட்டைத் தரையில விரிச்சு, நாலு ஓரத்தையும் காத்துப் புகாம டேப் போட்டு ஒட்டுங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சுப் பிரிக்கும்போது அடியில நீர்த்துளி இருந்தாலோ, சிமென்ட் கறுத்திருந்தாலோ ஈரம் மேலே ஏறுதுனு அர்த்தம். மழைக்காலத்துல பண்ணுங்க. மே மாசத்துல எல்லாத் தரையும் பாஸ்தான்!

ஏன் இவ்வளவு பயம்? லேமினேட்ங்கிறது முழு மரம் இல்லை. மர நாரைப் பசையோட அழுத்தின பலகை, அது மேல மரத்தோட போட்டோ அச்சடிச்ச தாள், அதுக்கும் மேல கீறல் தாங்குற படலம். மேலே சிந்தின தண்ணியை உடனே துடைச்சா பிரச்னையில்லை. இணைப்பு வழியாவோ கீழே இருந்தோ ஈரம் புகுந்தா ஓரம் உப்பிடும். உப்பினது பழையபடி இறங்காது, பலகையை மாத்தணும்.

ஷீட்ல ஈரம் தெரிஞ்சா, முதல்ல அதுக்குக் காரணத்தைச் சரிபண்ணுங்க. தரைத்தளத்துக்கு என் ஓட்டு எஸ்.பி.சி பலகைக்குத்தான். கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது, தண்ணியில உப்பாது, கரையானுக்கும் அதுல சாப்பாடு இல்லை. மாடி பெட்ரூமுக்கு லேமினேட் தாராளமா போடலாம். நிஜ மரம்தான் வேணும்னா, பிளைவுட் மேல மரப்பட்டை ஒட்டின இன்ஜினீயர்டு வுட், முழு மரத்தைவிடக் குறைவா சுருங்கி விரியும்.

கடையில '12 மி.மீ. தடிமன்தான் பெஸ்ட்'னு சொல்வாங்க. கீறல் தாங்குமாங்கிறதைத் தடிமன் சொல்லாது, ஏசி நம்பர்தான் சொல்லும். வீட்டுக்கு ஏசி3 போதும், ஆள் நடமாட்டம் அதிகமான ஹாலுக்கு ஏசி4.

பலகைப் பெட்டிகளை அந்த ரூம்லயே 48 மணி நேரம் படுக்கவெச்சுட்டு வேலையை ஆரம்பிங்க. கீழே பாலித்தீன், அது மேல ஃபோம். சுவரை ஒட்டி சுமார் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம். 'அசிங்கமா இருக்கும் சார்'னு வேலைக்கு வர்றவர் சொன்னாலும் விடாதீங்க, ஸ்கர்ட்டிங் அதை மறைச்சிடும். இடைவெளி இல்லாட்டி மழைக்காலத்துல விரியுற பலகைக்குப் போக இடமில்லாம நடுவுல தூக்கிக்கும்.

அப்புறம் கதவு. 8 மி.மீ. பலகை, 2 மி.மீ. ஃபோம்னா தரை ஒரு சென்டிமீட்டர் உயரும். கதவு இடிக்குமானு முன்னாடியே அளந்து, தேவைன்னா அடிப்பக்கம் இழைக்கச் சொல்லிடுங்க.