எது மூலம், எது நகல்?

‘ஞாயிறு அதிகாலை சில மணி நேரம் சேவை இராது’ என்னும் குறுஞ்செய்தி தங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். அந்த நேரத்தில் தரவு மையங்களில் நடைபெறும் பணிகளுள் பேரிடர் மீட்பு ஒத்திகையும் ஒன்று. தங்கள் இருப்பின் பாதுகாப்பு அதனைச் சார்ந்திருப்பதால், அதுபற்றி இங்கே கூற விழைகிறோம்.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் ஒரு மையம் முடங்கினாலும் கணக்குகள் அழியலாகாது. ஆகவே வங்கிகள் முதன்மை மையத்தின் பதிவுகளை, அதே இடரில் சிக்காத வேறு நகரிலும் இடைவிடாது நகலெடுத்து வைக்கின்றன.

இந்நகல் இருவகைப்படும். இரு இடங்களிலும் எழுதப்பட்ட பின்னரே பரிவர்த்தனையை உறுதி செய்வது ஒருவகை. கண்ணாடி இழையில் ஒளி மில்லி வினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டரே செல்லும்; 1,000 கிலோமீட்டர் சென்று திரும்பப் பத்து மில்லி வினாடி ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் இத்தாமதம் சேர்ந்தால் பணி தேங்கும். எனவே அருகிலுள்ள மையத்துக்கு இம்முறையும், தொலைவிலுள்ள மையத்துக்குச் சற்றே பின்தங்கி எழுதும் முறையும் பொதுவாகக் கையாளப்படுகின்றன.

இணைத்தல், நிலையைக் காட்டுதல், பிரித்தல், மீண்டும் ஒத்திசைத்தல் ஆகிய பணிகளைப் பொறியாளர்கள் பெரும்பாலும் எழுத்துக் கட்டளைகளாலேயே செய்கின்றனர். கட்டளைகளை முன்னதாக எழுதி, மற்றொருவரிடம் காட்டிச் சரிபார்த்து, இட்டபின் பதிவேட்டில் காக்க இயலும். ஒரு கணக்கு அமைப்பு பல சேமிப்புத் தொகுதிகளில் பரவியிருக்கும். அவை அனைத்தும் ஒரே கணத்தில் பிரிக்கப்படாவிடில், ஒன்றில் பற்று இருக்கும். மற்றொன்றில் வரவு இராது.

மிகப் பெரிய இடர் திசையில் உள்ளது. முக்கிய அமைப்புகளுக்கு ஆண்டுக்கு இருமுறையேனும் ஒத்திகை நடத்தவும், மாற்று மையத்திலிருந்தே ஒரு முழு வேலைநாளேனும் பணியாற்றவும் ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு நெறிமுறை பணிக்கிறது. அன்று தாங்கள் செலுத்தும் 5,000 ரூபாய் மாற்று மையத்தில்தான் முதலில் பதிவாகும். அன்றைக்கு அதுவே மூலம். பழைய மையம் நகல். திரும்பும்போது இதை மறந்து, வழக்கமான திசையில் ஒத்திசைவுக் கட்டளையை இட்டால், பழைய பதிவுகள் புதியவற்றின் மீது எழுதப்பட்டுவிடும். கருவி பிழைச்செய்தி காட்டாமலும் இருக்கலாம்; இட்ட கட்டளையைத்தான் அது நிறைவேற்றியது.

ஆதலால் ஒருவர் கட்டளையைத் தட்டச்சு செய்ய, மற்றொருவர் உரக்கப் படித்து மூலம் எது, நகல் எது என உறுதி செய்த பின்னரே அது இடப்பட வேண்டும். அதற்கு முன், அந்நேரத்து நிலையைக் காட்டும் தனிப்படி ஒன்றும் எடுக்கப்பட வேண்டும். ஏனெனில் உடனடி நகல் தவற்றையும் உடனே நகலெடுக்கும். தனித்து நிற்கும் படியே அதிலிருந்து காக்கும்.

இந்நியதி இல்லத்துக்கும் பொருந்தும். ஒத்திசைவில் உள்ள கைப்பேசியில் அழித்த படம் மறுமுனையிலும் மறையக்கூடும். கணக்கு அறிக்கைகளையும் பத்திரப் படிகளையும் தனியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள். அறிவிக்கப்பட்ட சேவை நிறுத்தத்துக்கு முன்பே அவசரக் கொடுப்பனவுகளை முடியுங்கள். இடையில் ஒரு கொடுப்பனவு தடைப்பட்டால், மீண்டும் அனுப்பும் முன் இருப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.