வேண்டுவது யாது?

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லையாக ரைன் ஆறு ஓடும் ஓரிடத்தில், இரு கரையிலும் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பெயர் ஒன்றே, லௌஃபன்பர்க் என்பது. முன்னர் ஒரே ஊராக இருந்து, நெப்போலியன் காலத்தில் ஆறு எல்லையாக்கப்பட்டதால் இரண்டானவை அவை. இரு கரையாரும் பேசுவது ஜெர்மன் மொழியே. இவ்விரண்டு ஊர்களையும் இணைக்கப் புதிய பாலம் ஒன்றை இரு கரைகளிலிருந்தும் கட்டி வந்தார்கள். 2003ஆம் ஆண்டில் பார்த்தபொழுது, ஒரு பக்கத்துக்கும் மற்றப் பக்கத்துக்கும் 54 சென்டிமீட்டர் உயர வேறுபாடு இருந்தது.

‘கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம்’ என்றுதான் இரு நாட்டாரும் வரைபடத்தில் குறித்திருந்தனர். ஆனால் எந்தக் கடல்? ஜெர்மானியர் வடகடலை வைத்து உயரத்தை அளக்கின்றனர். சுவிட்சர்லாந்தினர் மத்தியதரைக் கடலை வைத்து அளக்கின்றனர். இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு உண்டு. பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்; அறிந்தே கணக்கில் சேர்த்தனர். சேர்க்கும்பொழுது கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இடம் மாறிவிட்டன. 27 நீங்குவதற்கு மாறாக இரட்டித்து 54 ஆயிற்று. பிழையைத் திருத்திய பின்பே பாலம் 2004இல் திறக்கப்பட்டது.

பெயரும் மொழியும் ஒன்றாய், கூப்பிடு தொலைவில் இருப்போர்க்கே இது நேர்ந்ததென்றால், கடல் கடந்த நாடுகளில் தனித்தனியே அமர்ந்து ஒரே மென்பொருளை ஆக்குவோரின் நிலை எப்படியிருக்கும்? பாலத்திலாவது பிழை கண்ணுக்குத் தெரியும். இரு முனைகளும் பொருந்தாமல் நிற்கும். மென்பொருளில் அவை பொருந்தியது போலவே தோன்றும். ஒரு பக்கம் தரும் எண்ணை மறுபக்கம் மறுப்பின்றி வாங்கிக்கொள்ளும். பொருந்தாமை வெளிப்படுவது பின்னொரு நாளில், வேறோர் இடத்தில்.

மென்பொருள் ஆக்குவோர் குறிமுறை எழுதத் தொடங்குமுன், செய்யப்போவது எதுவென்று வரையறுத்தல் வேண்டும். யாருக்கு, எது, எந்த அளவில், எந்த நிலையில் வேண்டும் என்று கேட்டறிந்து, எழுதி, எழுதியதை எல்லோரும் ஒரே பொருளில் கொண்டனரா என்று சரிபார்த்து, பின்னர் மாறும்பொழுதெல்லாம் அம்மாற்றத்தை உரியவர்க்கு உணர்த்தும் துறைக்குத் தேவைப் பொறியியல் என்று பெயர். மென்பொருள் வேலையில் கடினமான பகுதி குறிமுறை எழுதுவதன்று, எதை ஆக்குவதென்று துல்லியமாக முடிவு செய்வதே என்று பிரடெரிக் புரூக்ஸ் 1986இல் எழுதினார். அக்கூற்று இன்றும் பழமைப்படவில்லை.

இத்துறையின் இடர்ப்பாட்டை விளக்க, செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு கலத்தின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஐக்கிய அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998 டிசம்பர் 11ஆம் நாள் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் கலத்தைச் செலுத்தியது. செவ்வாயைச் சுற்றிவந்து அதன் தட்பவெப்ப நிலையை ஆராய்வது அதன் பணி. கலத்தைக் கட்டியவர்கள் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் இருந்த லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தார். அதை வழிநடத்தியவர்கள் கலிபோர்னியாவின் பாசடேனா நகரில் இருந்த ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தார். ஒரே நாடு, ஒரே மொழி. கடிகாரத்தில் ஒரு மணி நேர வேறுபாடு மட்டுமே.

கலத்தின் சூரிய ஒளித் தகடு ஒரு பக்கத்தில் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தம் அதன்மேல் படுந்தோறும் கலம் சற்றே திரும்பப் பார்க்கும். உள்ளே சுழலும் சக்கரங்கள் அத்திருப்பத்தை ஏற்றுக்கொண்டு கலத்தை நிலையாக வைக்கும். ஆனால் சக்கரங்களின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுமுன் சிறு உந்துகலன்களை இயக்கி அவ்வேகத்தைத் தணிக்கவேண்டும். இப்படி இயக்கும் ஒவ்வொரு முறையும் கலத்தின் பாதை இம்மியளவு நகரும். எவ்வளவு நகர்ந்தது என்பதை டென்வரில் எழுதப்பட்ட ‘சிறு விசைகள்’ என்னும் மென்பொருள் கணக்கிட்டு ஒரு கோப்பாகத் தரும். பாசடேனாவில் இருப்போர் அக்கோப்பைக் கொண்டு பாதையைக் கணிப்பர்.

கோப்பில் உள்ள எண்கள் நியூட்டன்–விநாடி என்னும் மெட்ரிக் அளவில் இருக்கவேண்டும் என்று இரு சாராருக்கும் பொதுவான ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் மென்பொருள் தந்த எண்கள் பவுண்டு–விநாடி என்னும் பழைய ஆங்கில அளவில் இருந்தன. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனுக்குச் சமம். எனவே, உந்துகலன்கள் தந்த தள்ளல் உண்மையில் இருந்ததைக் காட்டிலும் 4.45 மடங்கு குறைவாகவே பாசடேனாவின் கணக்கில் ஏறிவந்தது.

இப்பிழை நுழைந்த வழிதான் வியப்புக்குரியது. முன்னர் அனுப்பப்பட்ட ‘மார்ஸ் குளோபல் சர்வேயர்’ கலத்துக்காக எழுதிய குறிமுறையையே இதற்கும் எடுத்து ஆண்டனர். பழைய சமன்பாட்டில் 4.45 என்னும் மாற்றுக் காரணி உள்ளடங்கியிருந்தது. ஆனால் அஃது அங்கே இருப்பதைப் பார்த்தவுடன் அறியத்தக்க குறிப்பேதும் இல்லை. புதுக் கலத்தின் உந்துகலனுக்கு ஏற்பச் சமன்பாட்டை மாற்றியபொழுது காரணி விடுபட்டது. எழுதியவர் மனத்தில் மட்டும் இருந்த செய்தி, அவர் நகர்ந்ததும் தானும் நகர்ந்துவிட்டது என்க.

பயணத்தின் முதல் நான்கு மாதங்கள் கோப்பின் அமைப்பில் வேறு பிழைகள் இருந்தமையால் அதைப் பயன்படுத்தவே இயலவில்லை. உந்துகலன் இயங்கிய நேரங்களை மின்னஞ்சலில் கேட்டறிந்து சமாளித்தனர். 1999 ஏப்ரலில் கோப்பு சீராயிற்று. சீரானவுடனே எண்களில் ஏதோ பொருந்தவில்லை என்பது பாசடேனாவில் சிலருக்குத் தென்பட்டது. அவர்கள் வாளாவிருக்கவில்லை, டென்வருக்கு மின்னஞ்சல் எழுதினர். ஆனால் ஐயப்பாடுகளைப் பதிவு செய்து, விடை கிடைக்கும்வரை விடாமல் தொடர்வதற்கென்று ஏற்பட்டிருந்த முறையான வழியில் அதைச் செலுத்தவில்லை. கடிதம் போயிற்று, கேள்வி நின்றுவிட்டது.

பழைய கலத்தின் ஒளித் தகடுகள் இரு புறமும் சமமாக அமைந்தவை. புதிய கலத்திலோ ஒரு புறமே. இதனால் உந்துகலன்களை எதிர்பார்த்ததைவிட 10 முதல் 14 மடங்கு மிகுதியாக இயக்க நேர்ந்தது. வழிகாட்டும் குழுவினர் புதுக் கலத்தையும் பழையதைப் போன்றதே என்று எண்ணியிருந்தனர். கலத்தைக் கட்டியவர்க்கு இவ்வேறுபாடு கண்முன் நின்ற செய்தி. அவர்களோடு ஒரே கூடத்தில் தேநீர் அருந்தியிருந்தால், ஒரு நாள் பேச்சுவாக்கில் இதுவும் வந்திருக்கக்கூடும்.

செவ்வாயை அணுகும்பொழுது 226 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து செல்லவேண்டும் என்பது திட்டம். கடைசி வாரத்தில் கணிப்பு 150 முதல் 170 கிலோமீட்டர் என்று இறங்கியது. ஒரு நாளுக்கு முன் 110 என்றாயிற்று. 80 கிலோமீட்டர்வரை கலம் தாங்கும் என்பதால் மனத்தைத் தேற்றிக்கொண்டனர். இறுதியாக ஒரு முறை பாதையைத் திருத்தலாமா என்ற பேச்சு எழுந்தது, திருத்தவில்லை. 1999 செப்டம்பர் 23ஆம் நாள் கலம் செவ்வாயின் பின்புறம் மறைந்தது. எதிர்பார்த்த நேரத்துக்கு 49 விநாடிகள் முன்னதாகவே குறிகை அற்றுப்போயிற்று, பின்னர் வரவேயில்லை. பிறகு கணக்கிட்டதில் அது சென்ற உயரம் 57 கிலோமீட்டர் என்று தெரிந்தது.

ஆர்தர் ஸ்டீபன்சன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அவ்வாண்டு நவம்பரில் அறிக்கை தந்தது. அளவைப் பிழையே மூல காரணம் என்று கூறியதோடு, துணைக் காரணங்கள் எட்டையும் குழு எடுத்துக்காட்டியது. குழுக்களிடையே செய்தித் தொடர்பு போதாமை, கலத்தின் இயல்பை வழிகாட்டுவோர் அறியாமை, இரு மென்பொருள்கள் சந்திக்கும் இடத்தை முழுமையாகச் சோதிக்காமை ஆகியன அவற்றுட் சில. செய்தித்தாள்கள் அளவைப் பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு நகைத்தன. அந்நகைப்பு நேரியதன்று. பிழை செய்யாத மனிதர் இல்லை. ஒன்பது மாதப் பயணத்தில் அப்பிழையைப் பிடிக்க ஒரு கையும் நீளாததே ஆராயத்தக்கது.

அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், துணைக் கலமான ‘மார்ஸ் போலார் லேண்டர்’ செவ்வாயில் இறங்கும் முயற்சியில் தொலைந்தது. ஆய்ந்தோர் உறுதியாகக் கூற இயலாமல், பெரும்பாலும் இதுவாகலாம் என்று சொன்ன காரணமும் தேவை வரையறையைப் பற்றியதே. தரையைத் தொட்டவுடன் கால்களில் உள்ள உணரி குறிகை தரும். உடனே எஞ்சினை நிறுத்தவேண்டும். ஆனால் உயரத்தில் கால்கள் விரியும் அதிர்ச்சியிலும் அவ்வுணரி ஒரு பொய்க் குறிகை தரும் என்பது பொறியாளர்க்குத் தெரியும். மேல்நிலை ஆவணத்தில் இதற்குக் காப்பு இருந்தது. மென்பொருள் எழுதுவோர் கைக்குப் போன ஆவணத்தில், ஏன் அந்தக் காப்பு என்னும் விளக்கம் இறங்கிவரவில்லை. ஆகவே பொய்க் குறிகை நினைவில் தங்கி, 40 மீட்டர் உயரத்திலேயே எஞ்சின் நின்றிருக்கவேண்டும் என்று கருதினர். ‘என்ன’ என்பதை எழுதி ‘ஏன்’ என்பதை விட்டால் வரும் கேடு இது.

தொலைவு மனிதரின் பேச்சை எப்படிக் குறைக்கிறது என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தாமஸ் ஆலன் ஆராய்ந்திருக்கிறார். பொறியாளர் இருவரின் இருக்கைகளுக்கு இடையே ஏறத்தாழ 30 மீட்டர் வந்துவிட்டாலே அவர்கள் பேசிக்கொள்வது மிகவும் அருகிவிடுகிறது என்பது அவர் கண்டது. கண்டங்களைத் தாண்டிய தொலைவைச் சொல்லவும் வேண்டுமோ? ஜெர்மனி, இங்கிலாந்து, இந்தியா ஆகிய நாடுகளில் கிளை கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் பணிப் பதிவுகளை ஹெர்ப்ஸ்லெப், மோக்கஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். ஓரிடத்தில் முடியும் மாற்றத்தைப் போன்றதொரு மாற்றம் ஈரிடங்களில் நடக்கும்பொழுது ஏறக்குறைய இரண்டரை மடங்கு காலம் பிடித்தது. அதே ஆண்டில் டானியேலா டாமியன், டிடார் ஸௌகி என்னும் ஆய்வாளர் இருவர், தேவை வரையறைக்குத் தொலைவால் வரும் இடையூறுகளைச் செய்தித் தொடர்புக் குறை, அறிந்ததைப் பேணிப் பகிராமை, பண்பாட்டு வேறுபாடு, நேர வேறுபாடு என நான்காக வகுத்தனர்.

நேர வேறுபாடு எளிதில் விளங்கும். சிங்கப்பூரில் திங்கட்கிழமை காலை 9 மணி என்றால் கலிபோர்னியாவில் அது ஞாயிறு மாலை. பருவத்துக்கேற்ப 5 மணியோ 6 மணியோ இருக்கும். காலையில் எழுந்த ஐயத்துக்கு விடை வர ஒரு நாள் கழியும். விடையைக் காத்திருக்கப் பொறுமையின்றி, ‘இப்படித்தான் இருக்கும்’ என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்வது மனித இயல்பு.

மொழியால் வரும் இடர் தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. ‘மாற்றலாம்’ என்னும் சொல்லைப் பாருங்கள். ‘பயனர் கடவுச்சொல்லை மாற்றலாம்’ என்று எழுதினால், மாற்ற உரிமை உண்டு என்பதும் பொருள். மாற்றிவிடக்கூடும் என்பதும் பொருள். முதற்பொருள் கொண்டவர் அதற்கொரு வசதி அமைப்பார். இரண்டாவதைக் கொண்டவர் அதற்கொரு காவல் அமைப்பார். ‘வேண்டும்’ என்பதும் அப்படியே. கட்டளை, விருப்பம், ஊகம் ஆகிய மூன்றுக்கும் அது வரும். ‘சரி’ என்பதோ இன்னும் இடர் மிக்கது. ‘கேட்டுக்கொண்டேன்’ என்ற கருத்தில் ஒருவர் சொல்ல, ‘உடன்பட்டார்’ என்று மற்றவர் குறித்துக்கொள்கிறார். ஆங்கிலமும் இதற்கு விலக்கன்று. அதனால்தான் இணைய நெறிமுறைகளை வகுப்போர் 1997இல் மஸ்ட், ஷுட், மே ஆகிய சொற்களுக்கு இன்ன பொருள்தான் என்று தனி ஆவணமே எழுதிவைத்தனர். 03/04 என்னும் தேதியை ஓர் அமெரிக்கர் மார்ச் 4 என்பார். சிங்கப்பூரர் ஏப்ரல் 3 என்பார். இருவருக்கும் ஐயமே எழாது, அதுவே ஆபத்து.

நூலுக்கு ஆகாத குற்றங்களாக நன்னூல் எண்ணிய பத்தினுள் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்பன உண்டு. அமெரிக்காவில் தலைமையகம் கொண்ட மின், மின்னணுப் பொறியாளர் கழகம் 1998இல் வெளியிட்ட தரநூல், தேவை ஆவணம் நிறைவுடையதாக, முரணற்றதாக, ஒரு பொருளே தருவதாக இருத்தல் வேண்டும் என்கிறது. ஒன்று புலவர்க்கும் மற்றது பொறியாளர்க்கும் எழுதியதேனும், கேட்பது ஒன்றே.

இன்று இக்குழுக்கள் கையாளும் வழிகள் பல. பொதுச் சொல்லடைவு ஒன்று வைத்து ‘வாடிக்கையாளர்’, ‘கணக்கு’ போன்ற எளிய சொற்களுக்கும் பொருள் வரையறுப்பது ஒரு வழி. தேவையைக் கேட்டவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லுமாறு செய்வது மற்றொன்று. வகுப்பறையில் ஆசிரியர் செய்வதும் இதுவே. எல்லாவற்றிலும் வலியது எடுத்துக்காட்டு. ‘இந்த எண்ணை உள்ளே தந்தால் இந்த எண் வெளியே வரவேண்டும்’ என்று முன்னதாகவே எழுதி, இரு ஊர்களின் மென்பொருளும் சந்திக்கும் இடத்தில் நாள்தோறும் ஓட்டிப் பார்ப்பது. நேரில் கூடுவதற்கு ஈடானது மட்டும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. வேலையின் தொடக்கத்தில் சில நாட்களேனும் ஓரிடத்தில் கூடியிருந்த குழுவினர், பிரிந்தபின் எழுதும் மின்னஞ்சலில் கேள்வி கேட்கக் கூசுவதில்லை. பயணச் செலவு என்று கருதி முதலில் வெட்டப்படுவதும் இதுவேதான்.

தொலைந்துபோன கலம் செய்யவிருந்த தட்பவெப்ப ஆராய்ச்சி, 2005இல் ஏவப்பட்ட ‘மார்ஸ் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டர்’ கலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முன்பு இழந்த கருவிகளின் வழிவந்த ஒளிப்படக் கருவியும் வெப்ப அளவியும் அதில் இடம்பெற்றன. அதைக் கட்டியவர்கள் அதே டென்வர் குழுமத்தார். வழிநடத்தியவர்கள் அதே பாசடேனா ஆய்வுக்கூடத்தார். 2006 மார்ச் 10ஆம் நாள் அது செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது.