கூலியும் வரியும் சட்டமும்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகிறவர்கள் தாமிரபரணியைக் கடக்கும் பாலத்துக்குச் சுலோசன முதலியார் பாலம் என்று பெயர். 1843-ம் வருஷத்தில் கட்டி முடிந்த பாலம் அது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம்முடைய சொந்தப் பொருளைச் செலவிட்டு ஊராருக்கு அதைக் கட்டிக் கொடுத்தார். பாலத்தின் ஒரு கோடியில், கொக்கிரகுளத்தில், ஜில்லா கலெக்டர் காரியாலயம் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் நதி ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் நின்று நேயர்கள் நம்முடன் சற்று யோசிக்க வேண்டுகிறோம். உழைக்கிறவனுக்குக் கூலி, ஊராருக்கு வரி, இரண்டுக்கும் விதி வகுக்கும் சட்டம்: இம்மூன்றையும் நாம் மூன்று தனித்தனி விஷயங்களாக எண்ணிப் பழகியிருக்கிறோம். பத்திரிகையிலும் அவற்றை மூன்று பக்கங்களில் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் இந்த நதி தீரத்தில் அவை மூன்றும் ஒரே கதையாகப் பின்னிக் கிடக்கின்றன.

கோரல் மில்

பொதிகையில் பிறந்த தாமிரபரணி, பாபநாசத்தில் அருவியாக விழுகிறது. அந்த நீர் வீழ்ச்சியின் விசையைக் கொண்டே ஹார்வி சகோதரர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அங்கே பஞ்சாலை ஒன்றை நிறுவினார்கள். பிறகு, நதி கடலில் கலக்கும் பக்கத்திலே, தூத்துக்குடித் துறைமுகத்தில், கோரல் மில் என்ற மற்றோர் ஆலையையும் நடத்தினார்கள். அக்காலத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1986-ல்தான் அது தனி மாவட்டமாயிற்று.

அதே ஹார்வி கம்பெனியார், கொழும்புக்குக் கப்பல் விட்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கும் ஏஜெண்டுகளாக இருந்தார்கள். அந்தக் கப்பலுக்குப் போட்டியாக 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியவர் ஒட்டப்பிடாரம் வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை என்பது நேயர்கள் அறிந்ததே.

கோரல் மில் தொழிலாளரின் நிலைமை மிகப் பரிதாபமாயிருந்தது. பொழுது விடிவதற்கு முன் ஆலைக்குள் போனவர்கள் பொழுது சாய்ந்த பிறகே வெளியே வந்தார்கள். கூலி சொற்பம். சிறு பிள்ளைகளும் வேலை செய்தார்கள். தவறு செய்தால் அடியும் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பது அவர்களுக்குக் கனவாக இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வாராந்தர ஓய்வு நாள் 1891-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது! பதினேழு வருஷ காலம் சட்டம் புத்தகத்தில் இருந்தது. தொழிலாளி ஞாயிற்றுக்கிழமையும் ஆலையில் இருந்தான். கேட்பார் இல்லாத சட்டம் என்ன பயன் தரும்?

ஒன்பது நாள்

1908-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் பிரசங்கம் செய்தார்கள். பிப்ரவரி 27-ந் தேதி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவையே அவர்கள் கோரியவை.

அன்றாடங் காய்ச்சியின் வேலை நிறுத்தம் எத்தனை நாள் நிற்கும்? அடுப்பில் உலை வைக்க அரிசி உள்ள வரையில்தான் நிற்கும். முதலாளிமாருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தூத்துக்குடியில் அவர்கள் கணக்கு தவறிவிட்டது. காரணம், ஊர் சும்மா இருக்கவில்லை. வியாபாரிகளும் வக்கீல்களும் பணம் திரட்டினார்கள். தொழிலாளர் குடும்பங்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்யப்பட்டது. சிலருக்கு வேறு இடங்களில் வேலை தேடிக் கொடுத்தார் சிதம்பரம் பிள்ளை. ஆலைக்காரர் பக்கம் பேசின ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், அவருடைய அபிப்பிராயத்தைத் தெரிந்துகொண்டதும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிக்கொண்டு போய்விட்டார் என்று ஒரு கதை அந்தப் பக்கத்தில் வழங்குகிறது. சிரிப்புக்கு இடமான கதைதான். ஆனால் ஒரு நாள் வருமானத்தை வேண்டாமென்று எழுந்துபோன அந்த ஏழை, தம் கைப்பொருளையே நன்கொடையாகத் தந்தவராவார்.

மார்ச்சு முதல் வாரத்தின் இறுதியில் ஆலைக்காரர் இணங்கினார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. கல்கத்தாவில் அரவிந்தரின் “வந்தே மாதரம்” பத்திரிகை இந்த வெற்றியைப் பாராட்டி எழுதிற்று.

ஊர் கொடுத்த விலை

சர்க்கார் இதைச் சகித்துக்கொண்டிருக்கவில்லை. விபின சந்திர பாலர் விடுதலையானதைக் கொண்டாடிய காரணத்தைப் பிடித்துக்கொண்டு மார்ச்சு 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளையையும் சிவாவையும் கைது செய்தார்கள். மறு நாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன. மாணவர்களும் ஊராரும் தெருவில் இறங்கினார்கள். முனிசிபல் காரியாலயம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் முதலியவை தீக்கிரையாயின. போலீசார் சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர் மீண்டும் வெளியே வந்தார்கள். இம்முறை கூலிக்காக அல்ல. தங்களுக்காகச் சிறை சென்றவர்களுக்காக.

தீ வைத்தது சரியென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அதற்குப் பின் சர்க்கார் செய்ததை நியாயமென்று யார் சொல்ல முடியும்? தண்டனைப் போலீஸ் படையொன்றை ஊரிலே நிறுத்தினார்கள். அந்தப் படைக்கு ஆகும் செலவை ஊரார் தலையிலேயே வரியாகச் சுமத்தினார்கள். கல்லெறிந்தவன் யார், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவன் யார் என்ற பேதம் அந்த வரிக்குத் தெரியாது. தன்னை அடக்க வந்த தடிக்குத் தானே விலை கொடுக்க வேண்டும் என்பதே அதன் தாத்பரியம்.

அந்த வரியும் சட்டப்படி விதித்ததுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. சட்டத்தை இயற்றியவர் யார்? வரி கொடுத்தவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அல்லர். கூலிக்காகத் தொடங்கிய வழக்கு வரியில் வந்து நின்றது. வரியைப் பற்றிய கேள்வி, சட்டம் இயற்றும் உரிமையில் போய் முடிந்தது. திருநெல்வேலி ஜனங்கள் நாலே மாதத்தில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே, சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனையும் சிவாவுக்குப் பத்து வருஷமும் விதித்தார். அப்பீலில் தண்டனை குறைந்தது. சிதம்பரம் பிள்ளை சிறையிலிருந்து வெளிவந்தது 1912 டிசம்பரில்.

சட்டம் வந்த வழி

பிறகு சட்டங்கள் மெல்ல மெல்ல வந்தன. 1911-ல் பஞ்சாலைகளில் ஆண்களின் வேலை நேரத்துக்குப் பன்னிரண்டு மணி என்று வரம்பு ஏற்பட்டது. 1918-ல் சென்னையில் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1920-ல் ஆலை முதலாளிகள் சங்கத் தலைவர் பி. பி. வாடியாவின் மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்துத் தடை உத்தரவு பெற்றார்கள். சங்கம் வைத்து வேலை நிறுத்தம் செய்யச் சொல்வதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சம் தேசமெங்கும் பரவிற்று. அடுத்த வருஷமே என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. சென்னைத் தெருவில் எழுந்த ஒரு சங்கடம், தேசம் முழுவதற்கும் சட்டமாக மாறிய விதம் இது.

சுதந்திரம் வந்தபின் 1948-ல் வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பும், குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தன. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாதென்று அரசியல் சாசனத்தின் 265-வது ஷரத்து கூறுகிறது. அந்தச் சட்டத்தை இயற்றுகிறவர்களை இப்போது நாமே தேர்ந்தெடுக்கிறோம்.

மீண்டும் பாலத்தடியில்

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1999-ம் வருஷம் ஜூலை 23-ந் தேதி, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஓர் ஊர்வலம் கொக்கிரகுளத்துக்கு வந்தது. கூலி உயர்வும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையும் அவர்கள் கேட்டவை. கலெக்டரிடம் மனுக் கொடுக்க வந்தவர்கள் மீது போலீசார் தடியடி நடத்தினார்கள். ஒரு பக்கம் தடி, மறு பக்கம் நதி. ஓடினவர்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். பதினேழு பேர் உயிரிழந்தார்கள்; பெண்களும் ஒரு பச்சிளங் குழந்தையும் அவர்களில் அடக்கம்.

அந்நிய ஆட்சி அல்ல, நம்முடைய ஆட்சி. நாம் தேர்ந்தெடுத்த சர்க்கார். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்து ஐம்பது வருஷம் கழிந்த பிறகு நடந்த சம்பவம் இது. 1908-ல் கோரல் மில் தொழிலாளிக்காகக் கடை வீதி எழுந்து நின்றது. மலையிலிருந்து இறங்கி வந்த தேயிலைத் தொழிலாளியை, அவர் நதியில் விழும் வரையில் நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? தினமும் காலையில் அவர் பறித்த தேயிலையைக் குடித்துக்கொண்டே அவர் பெயர் தெரியாமல் இருந்தோம்.

2019-லும் 2020-லும் நாடாளுமன்றம் 29 தொழிற் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சேர்த்து நிறைவேற்றிற்று. அவை நல்லவையா, குறையுள்ளவையா என்று தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் வாதாடுகிறார்கள். படித்த குடும்பத்தார் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத வாதமென்று ஒதுக்கிவிடலாகாது. சட்ட மசோதா வெளியாகும்போது படிப்பதும், நம் தொகுதி அங்கத்தினருக்கு ஒரு கடிதம் எழுதுவதும் நம்மால் ஆகாத காரியங்களா?

அதற்கும் முன்னால் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? உடம்பு சுகமில்லாத நாளைக்குச் சம்பளம் பிடிக்கிறோமா? கோரல் மில் தொழிலாளி 1908-ல் கேட்டதும் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். அவருக்காகக் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்த நாவிதரின் ஊர்க்காரர்கள் நாம். இந்த வாரமே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோமாக.