உங்களுக்குத் தெரியுமா? சுரப்பி என்று பெயர் வாங்கிய கொழுப்பு

ஆல்ப்ஸ் மலையில் வாழும் மார்மட், பூனை அளவுக்குக் கொழுத்த ஓர் அணில் இனம். குளிர்காலம் வந்தால் ஆறு மாதம் போல வளைக்குள் சுருண்டு கிடக்கும். 1551-இல் சூரிச் நகரத்து கொன்ராட் கெஸ்னர், அதன் தோள்பட்டைகளுக்கு நடுவே கொழுப்பென்றும் சொல்ல முடியாத, சதையென்றும் சொல்ல முடியாத ஒரு திசுவைக் குறித்துவைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைக் ‘குளிர் உறக்கச் சுரப்பி’ என்றே அழைத்தார்கள். பெயர்தான் சுரப்பி, முதல் வேலை என்னவோ சூடேற்றுவது!

நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு செல்லிலும் கடுகு சிதறினாற்போலக் கொழுப்புத் துளிகள். இடையில் நெருக்கியடித்துக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாக்கள். அவற்றிலுள்ள இரும்பால்தான் இந்தத் திசுவுக்குப் பழுப்பு நிறம். உறங்கப் போகும்போது துளிகள் பெருத்திருக்கும், வசந்தத்துக்குள் வற்றிச் சிறுத்துவிடும். உறக்கத்தின் நடுவே பல தடவை விழிப்பு வரும். அப்போதெல்லாம் 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்துபோன உடம்பைச் சில மணி நேரத்தில் 35 டிகிரிக்கு ஏற்றியாக வேண்டும். இந்தக் கொழுப்பு எரிய எரிய, கூடவே தசைகளும் நடுங்கிச் சூடு தரும்.

நம் கைக்குழந்தைகளின் முதுகிலும் இதே பழுப்புக் கொழுப்பு உண்டு. பச்சைப்பிள்ளை குளிரில் நம்மைப்போல வெடவெடப்பதில்லையே, கவனித்திருக்கிறீர்களா?